கொடியை ஏற்றும் கை

கொடி என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. பந்தலில் படர்வதும் கொடி; முற்றத்தில் துணி உலர்த்துவதும் கொடி; கருவிலிருக்கும் சேயைத் தாயோடு பிணைப்பதும் கொடி. இவை யாவும் ஒன்றை மற்றொன்றோடு இணைப்பவை. ஒரு மக்களின் அடையாளமாக உயர்ந்த கம்பத்தில் அசைகின்ற துணியையும் நம் முன்னோர் அதே சொல்லால் அழைத்தது பொருத்தமே.

கொடியைப் போற்றுவது நமக்குப் புதிதன்று. வில், புலி, மீன் பொறித்த மூவேந்தர் கொடிகளை நம் பிள்ளைகள் பள்ளியிலேயே கற்கின்றனர். புலிக்கொடி பறந்த பழைய உறையூர் இன்று நம் திருச்சி மாநகரின் ஒரு பகுதியாக விளங்குகிறது. ஊர்க் கோயில்களிலும் நம் ஆலயங்களிலும் திருவிழா என்றால் கொடியேற்றத்தோடுதான் தொடங்கும். ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணியில் அன்னையின் கொடி ஏறுவதைக் காண, காவி உடுத்தி நம் சாலைகள் வழியே நடந்து செல்லும் பயணிகளை ஆண்டுதோறும் பார்க்கிறோம்.

ஆயினும் நாட்டுக் கொடி இவற்றினின்று வேறானது. அது ஓர் அரசனுடையதன்று, ஒரு சமயத்தினுடையதன்று, ஒரு கட்சியினுடையதுமன்று. எல்லாருக்கும் உரியது என்பதே அதன் தனிச்சிறப்பு. ஆனால், 'எல்லாருக்கும்' என்ற அந்தச் சொல்லை நாம் எவ்வளவு தூரம் உண்மையாக்கியிருக்கிறோம்? ஆகஸ்ட் மாதம் பிறந்ததும் மன்னார்புரம் சந்திப்பைப் போன்ற நாற்சந்திகளில் சிறு கொடிகள் விற்பனைக்கு வருகின்றன. பதினைந்தாம் நாள் ஒவ்வொரு சட்டையிலும் ஒரு கொடி. பதினாறாம் நாள் அவற்றுட் சில சாக்கடை ஓரத்தில். ஒருவர் கொடியைத் தொடவே அஞ்சுகிறார். மற்றொருவர் அதைத் தம் பற்றுக்குச் சான்றிதழாகக் காட்டுகிறார். இன்னொருவர், 'இவன் ஏற்றலாம், அவள் ஏற்றக்கூடாது' என்று வேலி போடுகிறார். இவற்றுள் எது மரியாதை, எது அவமரியாதை? நம் குடும்பங்கள் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

தடியடிக்கு நடுவே

இந்தக் கொடியை வீட்டில் வைத்திருப்பதும் வீதியில் ஏந்திச் செல்வதும் துன்பத்தை வருவிக்கும் செயல்களாக இருந்த காலம் ஒன்றுண்டு. 1923-இல் நாகபுரியில் கொடியேந்திச் செல்லும் உரிமைக்காகவே ஓர் அறப்போர் நடைபெற்றது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தொண்டர்கள் அங்குச் சென்று, கொடியை ஏந்தி நடந்து, சிறை புகுந்தனர்.

நம் தமிழகத்தில் 1932 சனவரி மாதம் மறக்கவொண்ணாதது. சென்னிமலையில் பிறந்த குமரன் என்னும் இளைஞர், சனவரி 10 அன்று திருப்பூரில் தேசியக் கொடியேந்திய ஊர்வலத்தில் நடந்தார். காவலரின் தடியடியில் மண்டை உடைந்து வீழ்ந்தபோதும் கையிலிருந்த கொடியை அவர் விடவில்லை. மறுநாள் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 27. 'கொடி காத்த குமரன்' என்று தமிழகம் இன்றளவும் அவரை அழைக்கிறது.

அதே மாதம் 26-ஆம் நாள் சென்னையில் மற்றொரு நிகழ்ச்சி. ஆர்யா என்று அறியப்பட்ட பாஷ்யம், நள்ளிரவில் யாரும் அறியாமல் புனித ஜார்ஜ் கோட்டையின் கொடிமரத்தில் ஏறினார். ஆங்கிலேயரின் கொடி பறந்த அந்த உச்சியில் விடியற்காலையில் இந்தியக் கொடி பறப்பதைக் கண்டு நகரம் வியந்தது. ஆட்சி மாறிய 1947 ஆகஸ்ட் 15 அன்று அதே கோட்டையில் ஏற்றப்பட்ட மூவண்ணக் கொடி, அங்குள்ள அருங்காட்சியகத்தில் இன்றும் போற்றிக் காக்கப்படுகிறது.

குமரனும் பாஷ்யமும் அரசுப் பதவியில் இருந்தவர்கள் அல்லர்; எவரும் அவர்களை விழாவுக்குத் தலைமை தாங்க அழைக்கவுமில்லை. நம் கொடியை முதலில் உயர்த்தியவை எளிய மனிதரின் கைகளே.

அவையில் ஒரு நாள்

1947 சூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை நாட்டுக் கொடியை ஏற்றுக்கொண்டது. தீர்மானத்தை முன்மொழிந்தவர் சவகர்லால் நேரு. அதுவரை காங்கிரசுக் கொடியின் நடுவிலிருந்த இராட்டைக்கு மாற்றாக, 24 ஆரங்கள் கொண்ட அசோகச் சக்கரம் கடல்நீல நிறத்தில் இடம்பெற்றது. கொடியின் நீளமும் அகலமும் மூன்றுக்கு இரண்டு என்னும் அளவில் அமைந்தன. வண்ணங்களுக்குச் சமயப் பொருள் கற்பிக்கக்கூடாது என்பதை நேரு அன்றே தெளிவுபடுத்தினார். திருத்தணியில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன், காவி துறவையும், வெண்மை ஒளியையும், பச்சை மண்ணோடு நமக்குள்ள உறவையும், சக்கரம் அறத்தின் இயக்கத்தையும் குறிப்பதாக விளக்கினார்.

திருச்சி தூய வளனார் கல்லூரியில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி ஜெரோம் டிசூசா அடிகளாரும் அந்தச் சபையில் ஓர் உறுப்பினர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. பல சமயத்தாரும், பல மொழியினரும், ஒடுக்கப்பட்ட மக்களின் பேராளரும் அமர்ந்திருந்த அவை அது. அத்தகைய அவை ஏற்றுக்கொண்ட கொடிக்குத் தனி உரிமையாளர் எவரும் இருக்க இயலாது.

ஆனால் விடுதலைக்குப் பின் வியப்பான ஒன்று நிகழ்ந்தது. கொடியைக் காப்பதற்காக இயற்றப்பட்ட விதிகள், அதனைப் பொதுமக்களின் கைக்கு எட்டாமல் வைத்துவிட்டன. குடியரசு நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் போன்ற சில நாள்கள் நீங்கலாக, ஒரு குடிமகன் தன் வீட்டில் கொடி ஏற்றுவதற்கு இடமில்லை. நாட்டுச் சின்னங்களை இழிவுபடுத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறை என்று 1971-ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. சட்டம் நல்லதே. எனினும், 'ஏதேனும் தவறு நேர்ந்துவிடுமோ' என்ற அச்சத்தால் கொடியை விட்டுச் சற்று விலகியே நிற்கும் பழக்கம் பலருக்கு உண்டாயிற்று.

விரிந்து வந்த உரிமை

அந்த விலக்கம் படிப்படியாகவே நீங்கியது. முதற்படி அமைந்தது நம் தமிழகத்தில்தான். 1974 வரை மாநிலத் தலைநகரங்களில் விடுதலை நாளன்று கொடியேற்றியவர்கள் ஆளுநர்கள். மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சருக்கே அந்த உரிமை வேண்டுமென்று முதல்வர் மு. கருணாநிதி பிரதமர் இந்திரா காந்தியிடம் வலியுறுத்தினார். கோரிக்கை ஏற்கப்பட்டது. 1974 ஆகஸ்ட் 15 முதல் எல்லா மாநிலங்களிலும் முதலமைச்சர்கள் கொடியேற்றி வருகின்றனர். நியமிக்கப்பட்டவரின் கையிலிருந்து, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவரின் கைக்குக் கொடிக்கயிறு மாறியது.

அடுத்த படி ஒரு வழக்கினால் வந்தது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்ததாய் அந்நாளில் இருந்த இராய்கரில், நவீன் சிண்டால் என்னும் தொழிலதிபர் தம் தொழிற்சாலையில் கொடி பறக்கவிட்டதை அதிகாரிகள் தடுத்தனர். அவர் நீதிமன்றம் சென்றார். பல்லாண்டுகள் நடந்த அவ்வழக்கில், மரியாதையோடு நாட்டுக் கொடியைப் பறக்கவிடுவது குடிமகனின் கருத்து வெளிப்பாட்டு உரிமையைச் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2004 சனவரி 23 அன்று தீர்ப்பளித்தது. அதற்கு ஈராண்டுகள் முன்பே, 2002 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடிக் குறியீடு, எல்லா நாள்களிலும் மக்கள் கொடியேற்றலாம் என்று வழி திறந்திருந்தது.

பின்னர் வந்த மாற்றங்கள் விரைவானவை. கதர்த்துணிக்கு மட்டுமே இருந்த இடம், 2021 டிசம்பர் 30-ஆம் நாள் திருத்தத்தால் இயந்திரத்தில் நெய்த துணிக்கும் பாலியெஸ்டருக்கும் கிடைத்தது. கதரை நம்பி வாழும் நெசவாளருக்கு இது கவலையளித்ததும் உண்மை. 2022 சூலைத் திருத்தத்தின்படி, பொதுமக்கள் தம் வீட்டில் இரவும் பகலும் கொடியைப் பறக்கவிடலாம். அவ்வாண்டு ஆகஸ்ட் 13 முதல் 15 வரை, விடுதலையின் 75 ஆண்டு நிறைவையொட்டி, வீடுதோறும் கொடி ஏற்றுமாறு நடுவணரசு அழைப்பு விடுத்தது.

தடுக்கப்பட்ட ஒரு கை

சட்டம் இவ்வாறு கதவைத் திறந்தது. மனிதரின் மனம் திறந்ததா?

2020 ஆகஸ்ட் 15. திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம் ஊராட்சியின் தலைவி, மக்களின் வாக்கினால் பதவிக்கு வந்தவர். தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பெண்மணி. ஊராட்சித் தலைவர் என்ற முறையில் அவர் கொடியேற்ற வேண்டிய நாள் அது. ஆனால் அவர் ஏற்றவிடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியே பரவியது. ஐந்து நாள் கழித்து, ஆகஸ்ட் 20 அன்று, மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து நிற்க, அந்தத் தலைவி தம் கையாலேயே கொடியை ஏற்றினார்.

இது ஓர் ஊரோடு முடிந்த குறையன்று. தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர்கள் சாதிப் பாகுபாடின்றிக் கொடியேற்றுவதை உறுதி செய்ய வேண்டுமென்று, 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. விடுதலை பெற்று முக்கால் நூற்றாண்டு கடந்த பின்பும் அத்தகைய கடிதம் தேவைப்பட்டது என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் வலிக்கிறது.

கொடி தரையில் பட்டால் பதறுகிறோம். தலைகீழாகக் கட்டினால் சினம் கொள்கிறோம். அந்தக் கொடிக்குரிய ஒரு கையைச் சாதி தட்டிவிடும்போது நமக்கு அந்தப் பதற்றம் வருகிறதா? கொடியின் துணிக்கு நேரும் இழிவைக் காட்டிலும், கொடியின் பொருளுக்கு நேரும் இழிவு பெரிதன்றோ? பிறர் ஊரைச் சுட்டுவது எளிது. நம் பங்குகளை விட்டுச் சாதி உணர்வு முற்றிலும் அகன்றுவிட்டது என்று மார்தட்டிச் சொல்லும் துணிவு நம்முள் யாருக்கு உண்டு?

கோவையில் ஒரு கேக்

மற்றொரு நிகழ்ச்சி நம் கிறிஸ்துபிறப்பு விழாவோடு தொடர்புடையது. 2013 டிசம்பர் 25 அன்று கோவையில் ஒரு பொது விழா. ஆறடி நீளமும் ஐந்தடி அகலமும் கொண்ட கேக் ஒன்றில், இந்திய வரைபடம் மூவண்ணத்தில் தீட்டப்பட்டு, நடுவில் அசோகச் சக்கரமும் வரையப்பட்டிருந்தது. மாவட்ட ஆட்சியரும் சமயத் தலைவர்களும் கலந்துகொண்ட அவ்விழாவில் கேக் வெட்டப்பட்டு, ஏறத்தாழ 2,500 பேர் உண்டு மகிழ்ந்தனர். 'கொடியை வெட்டி அவமதித்தனர்' என்று ஒருவர் முறையிட, வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது.

2021 மார்ச்சில் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் அதில் தீர்ப்பளித்தார். விழா முடிந்து வீடு திரும்பியபோது அம்மக்களின் உள்ளத்தில் எத்தகைய உணர்வு இருந்திருக்கும் என்பதே அவர் எழுப்பிய கேள்வி. நாட்டை இழிவு செய்தோம் என்ற எண்ணமா, இந்தியர் என்ற பெருமிதமா? பெருமிதமே என்பதில் ஐயமில்லை; எனவே இதில் குற்றமில்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. வெளிச்செயலை மட்டும் கொண்டு நாட்டுப்பற்றை அளக்க முடியாது. உள்நோக்கமே உரைகல் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

கேக்கில் மூவண்ணம் தீட்டுவது தேவையா என்று கேட்போர் கேட்கலாம். அது சுவையைப் பற்றிய கேள்வி. அதனைக் குற்றமாக்குவது வேறு.

உரிமையா, கட்டாயமா?

கொடியோடு பழகும் முறை நாட்டுக்கு நாடு மாறுபடுகிறது. தென்மார்க்கு நாட்டில் பிள்ளைகளின் பிறந்தநாள் கேக்கிலும், கிறிஸ்துபிறப்பு மரத்திலும் நாட்டுக் கொடிகள் இடம்பெறும்; அது வீட்டு மகிழ்ச்சியின் அடையாளம். அமெரிக்காவில் வீட்டு வாயில்தோறும் கொடி பறப்பதைக் காணலாம். செருமனியிலோ, இட்லரின் கொடிய ஆட்சி தந்த கசப்பினால், மக்கள் நெடுங்காலம் கொடியைக் கையிலெடுக்கத் தயங்கினர். 2006-இல் அங்கு உலகக் கால்பந்துப் போட்டி நடந்தபோதுதான் அத்தயக்கம் பெருமளவு தளர்ந்தது. கொடி மிகுதியாகப் பறக்கும் நாட்டில் பற்று மிகுதி, குறைவாகப் பறக்கும் நாட்டில் பற்றுக் குறைவு என்று கணக்கிட முடியுமா?

ஆதலால், கொடி கட்டாத வீட்டை ஐயத்தோடு நோக்குவது முறையன்று. கொடியை மதிப்பது குடிமக்களின் கடமை என்று, 1976-இல் சேர்க்கப்பட்ட அரசியலமைப்புப் பிரிவு கூறுகிறது. அதை வீட்டில் ஏற்றுவதோ அவரவர் உரிமை. கடமை வேறு, உரிமை வேறு. கேரளத்தில், யெகோவா சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று சிறுவர் சிறுமியர், நாட்டுப்பண் இசைக்கும்போது மரியாதையோடு எழுந்து நின்றனர். ஆனால் தம் சமய நம்பிக்கையின் பொருட்டுப் பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட அவர்களுக்குச் சார்பாக உச்ச நீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1943-இலேயே, பள்ளிப் பிள்ளைகளைக் கொடி வணக்கம் செய்யக் கட்டாயப்படுத்தலாகாது என்று கூறியிருந்தது. கட்டாயத்தால் கை உயரலாம், மனம் உயராது.

இல்லத்தார் அறிய வேண்டியவை

அச்சம் அறியாமையினால் வருவது. விதிகளுள் நமக்கு வேண்டியவை சிலவே; அவற்றைப் பிள்ளைகளுக்கும் கற்பிப்போம்.

காவி நிறம் எப்போதும் மேலே இருக்க வேண்டும். சுவரில் நெடுக்காகத் தொங்கவிட்டால், பார்ப்பவருக்கு இடப்பக்கத்தில் காவி அமைய வேண்டும். கொடி தரையிலோ தண்ணீரிலோ படலாகாது. கிழிந்த, வெளிறிய, கசங்கிய கொடியை ஏற்றலாகாது. அதன்மேல் எழுத்து எதுவும் பொறிக்கலாகாது. விரைந்து ஏற்றி, மெதுவாக இறக்குவதே மரபு. ஏற்றும்போது விரிந்து உதிருமாறு உள்ளே மலரிதழ்களை மடித்து வைக்கலாம். ஆனால் கம்பத்தின் உச்சியில் மாலையோ வேறு சின்னமோ வைக்கலாகாது.

மேசை விரிப்பாகவோ, திரைச்சீலையாகவோ, கைக்குட்டையாகவோ கொடியைப் பயன்படுத்தக்கூடாது. கார்களில் கொடி பறக்கவிடும் உரிமை குடியரசுத் தலைவர், ஆளுநர், அமைச்சர் போன்ற சில பதவியினர்க்கே குறியீட்டில் தரப்பட்டுள்ளது. நம் வண்டிகளில் கட்டி ஓட்டுவது முறையன்று. அரசு மரியாதையோடும் படைத்துறை மரியாதையோடும் நடைபெறும் அடக்கங்களில் மட்டுமே கொடியால் பேழையைப் போர்த்தலாம். அப்போதும் கொடியைக் குழிக்குள் இறக்குவதில்லை.

நெகிழிக் கொடிகள் அறவே வேண்டா. தமிழக அரசு 2019 சனவரி 1 முதலும், நடுவணரசு 2022 சூலை 1 முதலும் தடை செய்த பொருள்களின் பட்டியலில் அவையும் உள்ளன. காகிதக் கொடியைப் பிள்ளைகள் அசைத்து மகிழலாம். ஆனால் விழா முடிந்ததும் வீதியில் எறியலாகாது. பழுதடைந்த கொடியைக் குப்பையில் சேர்க்காமல், தனியிடத்தில், மரியாதையோடு, முழுமையாக எரித்து விடுவதே முறை. மந்திரித்த பழைய செபமாலையையும் கிழிந்த சுரூபப் படத்தையும் நம் பாட்டிமார் குப்பையில் வீசுவதில்லையே! அதே மென்மை இங்கும் போதும்.

விண்ணேற்பு அன்னையின் பெயர் தாங்கிய பங்குகளில் ஆகஸ்ட் 15 அன்று திருவிழாக் கொடியும் பறந்துகொண்டிருக்கும். நாட்டுக் கொடிக்கு மேலாகவோ பக்கத்திலோ வேறு கொடி அமையலாகாது என்பது விதி. ஆகவே நாட்டுக் கொடிக்குச் சற்றுத் தள்ளித் தனிக் கம்பம் நடுவது நலம். அது தாழ்ந்திருக்கவும் வேண்டா.

இவ்வாண்டு யார் ஏற்றுவார்?

மரியன்னையின் விண்ணேற்பு விழாவும் நாட்டின் விடுதலை நாளும் ஒரே நாளில் அமைந்தமையால், திருப்பலி முடிந்ததும் ஆலய வளாகத்தில் கொடியேற்றுவது நம் பங்குகளில் வேரூன்றிய பழக்கம். கொடிக்கயிற்றைப் பெரும்பாலும் பங்குத்தந்தையோ சிறப்பு விருந்தினரோ இழுப்பர். இதில் தவறில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்ப்போம்.

கொடிக்கயிறு ஆட்சியாளரின் கையிலிருந்து மக்களின் கைக்கு வந்தது ஒரு நீண்ட பயணம். குமரனின் குருதியும், நீதிமன்றங்களின் தீர்ப்பும், ஆத்துப்பாக்கத்துத் தலைவியின் பொறுமையும் அந்தப் பயணத்தின் வழித்துணைகள். அதில் ஓர் அடியை நாமும் எடுத்துவைக்கலாம். ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கும் பெண்மணி, கல்லறை தோண்டும் முதியவர், நகரின் குப்பையை அள்ளும் தூய்மைப் பணியாளர், எவராலும் விழா மேடைக்கு அழைக்கப்படாத அன்பியக் குடும்பத்தார்: இவர்களுள் ஒருவரிடம் இவ்வாண்டு கயிற்றைக் கொடுத்தால் என்ன? வீட்டில் ஏற்றும்போது, அந்த உரிமையைக் கடைக்குட்டிப் பேத்திக்கோ, வீட்டு வேலையில் நமக்குத் துணைநிற்கும் அம்மாவுக்கோ அளித்தால் என்ன?

கொடி எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்பதை ஊர் பார்க்கும். அதை ஏற்ற எத்தனை கைகளுக்கு இடம் தந்தோம் என்பதை நம் பிள்ளைகள் பார்ப்பார்கள். அவர்கள் நெஞ்சில் பதியப் போவது அதுவே.